கடலும் கிழக்கே, காலை வெயிலும் கிழக்கே: சென்னைக் கரையில் ஒரு ரிசார்ட் எப்படி அமைய வேண்டும்?

கடலைப் பார்க்கத்தான் அந்த அறைக்குக் கூடுதல் வாடகை. ஆனால் காலை எட்டு மணிக்கு உள்ளே போய்ப் பார்த்தால், தரையிலிருந்து கூரை வரை நிற்கும் கண்ணாடியை மறைத்துக் கனத்த திரை இழுத்து விடப்பட்டிருக்கும். ஏசி ஓடிக்கொண்டிருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இப்படிப்பட்ட அறைகள் நிறைய உண்டு. திரையை இழுத்த விருந்தினர் மேல் பிழை இல்லை. சென்னைக் கரையில் கடலும் கிழக்கே, காலை வெயிலும் கிழக்கே. வரைபடத்தில் முதல் கோடு போடும்போதே இதைக் கணக்கில் எடுக்காமல் விட்டால், பிறகு திரையைத் தவிர வேறு வழியில்லை.

சூழலுக்கு ஏற்ற ஓட்டல் கட்டிடம் என்றதும் பலருக்குக் கீற்றுக் கூரை, மரத்தூண், வாசலில் உருளி, அதில் மிதக்கும் பூக்கள் என்று ஒரு தோற்றம்தான் மனதில் வருகிறது. அதெல்லாம் கடைசியில் சேர்வது. கட்டிடம் மனையில் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், தரை எவ்வளவு உயர வேண்டும், கூரை எப்படிச் சரிய வேண்டும் என்பதை அந்த மனையின் வெயில், காற்று, தண்ணீர், உப்பு, அங்கே ஏற்கெனவே வாழும் மக்கள் ஆகியவை முடிவு செய்யும்படி விடுவதுதான் சூழலுக்கு ஏற்ற வடிவமைப்பு. பாலித் தீவின் புல் கூரையையும் கேரளத்துப் பழைய கூட்டுக் குடும்ப வீடான தறவாட்டின் முகப்பையும் மகாபலிபுரத்து மணலில் கொண்டுவந்து வைத்தால் படம் அழகாக வரும். ஆனால் அந்த வடிவங்கள் அந்தந்த ஊர் மழைக்கும் காற்றுக்கும் பதிலாகப் பிறந்தவை. நம் ஊரின் கேள்வி வேறு.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இலங்கையில், தம்புள்ளைக்கு அருகே உள்ள கண்டலம ஓட்டல். வடிவமைத்தவர் ஜெஃப்ரி பாவா. சென்னைக் கன்னிமாரா ஓட்டலை 1970களில் மாற்றியமைத்ததும் அவர்தான். சிகிரியா குன்றுக்குப் பக்கத்தில் முதலில் காட்டப்பட்ட இடம் வேண்டாம் என்று சொல்லி, தொலைவில் கண்டலம ஏரிக்கு மேலே உள்ள பாறைச் சரிவைத் தேர்ந்தெடுத்தார். குன்றை மிதித்துக்கொண்டு நிற்காமல், தள்ளி நின்று அதைப் பார்க்கிற கட்டிடமாக 1994இல் அது திறக்கப்பட்டது. பாறையின் வளைவோடு வளைந்து போகும் அதன் முகப்பைக் கொடிகள் மூடியிருக்கின்றன. சுவர் எந்த நிறம், தூண் எந்த மரம் என்பதற்கு முன்னால், எங்கே கட்டக் கூடாது என்று எடுத்த முடிவுதான் அந்த ஓட்டலை உருவாக்கியது.

பேச வசதியாக ஒரு கற்பனை மனையை எடுத்துக்கொள்வோம். கோவளத்துக்கும் மகாபலிபுரத்துக்கும் இடையில், மேற்கே சாலை, கிழக்கே கடல். அகலம் 60 மீட்டர், நீளம் 330 மீட்டர், ஏறத்தாழ 5 ஏக்கர். அதில் 20 அறைகள். கட்டுரை முழுக்க இந்த மனைதான் நமக்குப் பலகை.

முதலில் கோடு, பிறகு கட்டிடம்

கடலோர மனையில் முதல் வரைபடம் கட்டிடத்தினுடையது அல்ல, உயர் அலைக் கோட்டினுடையது; அதாவது ஓதத்தில் கடல் நீர் ஏறி எட்டும் எல்லை. அதிகாரம் பெற்ற நிறுவனம் அளந்து கொடுக்கும் அந்தக் கோட்டிலிருந்துதான் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் எல்லாம் எண்ணப்படுகின்றன. நம் பக்கத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் இந்த வேலையைச் செய்கிறது. ஊரகக் கடற்கரைக்கு இந்த விதிகளின் 2011 அறிவிக்கை 200 மீட்டரைக் கட்டுமானம் கூடாத பகுதியாக வைத்தது. 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேரைத் தாண்டும் ஊரகப் பகுதிகளுக்கு அதை 50 மீட்டராகக் குறைத்து, மற்ற ஊரகப் பகுதிகளுக்கு 200 மீட்டராகவே விட்டது. உங்கள் சர்வே எண் எந்த வகையில் வருகிறது என்பதை அங்கீகரிக்கப்பட்ட கடலோர மேலாண்மை வரைபடத்தில் பார்த்துத்தான் சொல்ல முடியும். தரகர் வாய்ச்சொல்லில் மனை வாங்கி மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

நம் மனைக்கு 200 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கட்ட மிஞ்சுவது சாலைப் பக்கம் 130 மீட்டர் நீளத் துண்டு. அதிலும் ரிசார்ட்டுகளுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு: மனை 0.4 ஹெக்டேருக்குக் குறையக் கூடாது, எல்லாத் தளங்களும் சேர்ந்த பரப்பு மனையில் 33 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, இரண்டு தளங்களுக்கு மேல் கூடாது, கூரையின் உச்சி 9 மீட்டருக்குள் இருக்க வேண்டும், மணல் மேடுகளைச் சமன் செய்யக் கூடாது. மகாபலிபுரத்தில் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டிடமே கூடாது, அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டலாம்.

இந்த 200 மீட்டரைப் பலர் இழப்பாகப் பார்க்கிறார்கள். அது இழப்பல்ல. 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரை என்ன பார்த்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். உயர்ந்த மணல் மேடும் அதன் மேல் படர்ந்த செடிகொடிகளும் அலைக்கும் காற்றுக்கும் முதல் தடுப்பு. கடல் தெரிவதற்காக அந்த மேட்டை வெட்டித் தாழ்த்துகிறவர் தன் மதிலைத் தானே இடிக்கிறார். மேட்டைத் தொடாமல், அறையின் தரையை உயர்த்தியே கடலைப் பார்க்கலாம்.

வெயில் எங்கிருந்து வருகிறது?

சென்னை ஏறத்தாழ 13 பாகை வடக்கு அட்சத்தில் இருக்கிறது. அதனால் சூரியன் ஆண்டில் இரண்டு முறை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும், நண்பகலில் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் லேசாக வடக்கிலிருந்து வரும். டிசம்பரில் தெற்கே சாய்ந்து, நண்பகல் உயரம் சுமார் 53 பாகைக்கு இறங்கும்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிமையானது. வடக்கு, தெற்குச் சுவர்களை நிழலில் வைப்பது சுலபம், கிழக்கு மேற்குச் சுவர்களை வைப்பது கடினம். தெற்கில் 1.2 மீட்டர் உயர ஜன்னலுக்கு 90 செ.மீ. நீட்டிய சன்ஷேட் இருந்தால் டிசம்பர் நண்பகல் வெயிலும் கண்ணாடியைத் தொடாது. ஜூனில் வடக்கு ஜன்னலுக்கு 25 செ.மீ. போதும். அதே ஜன்னல் மேற்கே இருந்தால்? மே மாதம் மாலை ஐந்து மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 19 பாகை உயரத்தில்தான் இருக்கும். அதை மறைக்க சன்ஷேட் 3 மீட்டருக்கு மேல் நீள வேண்டும். அப்படி யாரும் கட்டப் போவதில்லை. எனவே மேற்கில் ஜன்னலே வேண்டாம் என்பதுதான் சரியான விடை. குளியலறை, அலமாரி, படிக்கட்டு, லினன் அறை ஆகியவற்றை மேற்குச் சுவரோடு ஒட்டி வையுங்கள். மாலைச் சூட்டை அவை வாங்கிக்கொள்ளும், படுக்கை இருக்கும் இடம் தப்பிக்கும். குளியலறைச் சுவரும் சூட்டில் காய்ந்து பூசணம் பிடிக்காமல் இருக்கும்.

கிழக்குதான் இக்கட்டு. கடல் அங்கே இருப்பதால் ஜன்னல் வேண்டாம் என்று சொல்ல முடியாது. இதற்கு நம் ஊர் வீடுகளில் பதில் இருக்கிறது: தாழ்வாரம். அறைக்குக் கிழக்கே 2.4 மீட்டர் ஆழத்துக்கு ஒரு தாழ்வாரம், அதன் கூரை விளிம்பு தரையிலிருந்து 2.1 மீட்டர் உயரத்தில் தாழ்ந்து முடிகிறது என்று வையுங்கள். மே மாத நடுவில் காலை ஏழு மணிக்குச் சூரியன் 17 பாகையில் இருக்கும். வெயில் தாழ்வாரத்தைக் கடந்து கண்ணாடியில் சுமார் 1.4 மீட்டர் உயரம் வரை விழும். எட்டு மணிக்கு 31 பாகை. கண்ணாடியின் அடியில் 65 செ.மீ. மட்டும் வெயில். ஒன்பது மணிக்குக் கண்ணாடி முழுக்க நிழல், வெயில் தாழ்வாரத் தரையோடு நின்றுவிடும். ஒன்பது மணிக்கு முன் விழும் அந்தத் துண்டு வெயிலுக்குத் தூண்களுக்கு நடுவே மூங்கில் தட்டி அல்லது சுருட்டி ஏற்றும் பாய் போதும். திரைக்குப் பின்னால் ஒளிய வேண்டியதில்லை. இந்த நான்கு வரிக் கணக்கு பள்ளிக்கூட முக்கோணவியல். வரைபடம் போடுகிறவரிடம் இதை எழுதிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அவர் போட்டிருப்பது தாழ்வாரம் அல்ல, படத்துக்காக வைத்த பால்கனி.

கூரை விளிம்பைத் தாழ்த்துவது கண்ணுக்கும் நல்லது. திறந்த வானத்தின் கூச்சம் மறைந்து, கடல் ஒரு சட்டத்துக்குள் வந்து உட்காரும்.

சுவரைவிடக் கூரைதான் அதிக வெயில் வாங்குகிறது. வெறும் காங்கிரீட் தளம் பகல் முழுக்கச் சூடேறி, இரவு பத்து மணிக்கு அதைப் படுக்கை மேல் இறக்கும். பழைய சென்னைக் கட்டிடங்களின் மெட்ராஸ் டெரஸ் இதற்கு ஒரு விடை: தேக்கு உத்தரக் கட்டைகள், அவற்றின் மேல் மூலைவாக்கில் நிறுத்திக் கட்டிய அச்சுக்கல் என்னும் சிறிய செங்கல், அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு. இன்று அவ்வளவு தேக்குக்கு வழியில்லை. ஆனால் காங்கிரீட் தளத்தின் மேல் 75 முதல் 100 மி.மீ. வரை செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு வெதரிங் கோர்ஸ் (வெயிலையும் மழையையும் தாங்கும் மேலடுக்கு), அதன் மேல் வெள்ளை ஓடு என்று செய்தால் அந்தக் குணத்தில் பெரும்பகுதி கிடைக்கும். சரிந்த ஓட்டுக் கூரை என்றால், ஓட்டுக்கும் உட்கூரைக்கும் நடுவே காற்று புகுந்து வெளியேற வழி விட வேண்டும். வழி விடாமல் அடைத்த கூரை அடுப்பு மாதிரி.

பாரம்பரிய அமைப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்று நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் முட்டுக்காட்டில் உள்ள பாரம்பரிய வீடுகளின் அருங்காட்சியகமான தட்சிணசித்ராவுக்கு ஒரு மே மாத மதியம் போகலாம். 1996இல் திறக்கப்பட்ட அந்த வளாகத்தில் கட்டிடக் கலைஞர் லாரி பேக்கரின் கை உண்டு. முற்றம் வைத்த வீட்டுக்குள் நின்று, வாசலில் இருந்து பின்கட்டுக்குக் காற்று எப்படி நகர்கிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்தால் பல புத்தகங்கள் சொல்லாதது புரியும்.

காற்றுக்கு வழி

மே, ஜூனில் காலையில் மேற்கிலிருந்து வெந்த நிலக்காற்று. அது வலுவாக இருக்கும் நாட்களில் கடற்காற்று மதியம் ஒன்று, இரண்டு மணிக்கு மேல்தான் உள்ளே வரும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 பாகை செல்சியஸ் பதிவானது. கடற்காற்று தென்கிழக்கு வாக்கில் இறங்கியதும் கரை ஓரத்தில் வெப்பம் சட்டென்று தணியும். ஐப்பசி முதல் தை வரை காற்று வடகிழக்கிலிருந்து.

இப்போது நம் மனைக்கு வருவோம். உரிமையாளருக்கு எல்லா அறைகளும் கடலைப் பார்க்க வேண்டும். அகலம் 60 மீட்டர்தான். வரிசையாக நிறுத்தினால் எட்டு அல்லது ஒன்பது அறைகளில் மனை அடைந்துவிடும். அதைவிட மோசம், அந்த வரிசை ஒரு சுவராக நின்று பின்னால் இருக்கும் அறைகளுக்கு வரும் காற்றைத் தடுக்கும். ஒரு கட்டிடத்துக்குப் பின்னால் அதன் உயரத்தைப் போலப் பல மடங்கு தூரம் காற்று செத்துக் கிடக்கும். 7 மீட்டர் உயரக் கட்டிடம் என்றால் 30 மீட்டர் வரை அதன் பாதிப்பு தெரியும்.

எனவே அறைகளை இரண்டு இரண்டாகப் பிரித்து, ஒன்றின் பின்னால் ஒன்று நேராக நிற்காமல் செஸ் பலகைக் கட்டம் போல மாற்றி மாற்றி வையுங்கள். ஒவ்வொரு கட்டிடத்தின் நீளப் பக்கமும் கிழக்கு மேற்காக ஓடட்டும். அப்போது பெரிய ஜன்னல்கள் தெற்கிலும் வடக்கிலும் அமையும், குறுகிய பக்கம் மட்டும் தாழ்வாரத்தோடு கடலைப் பார்க்கும். முன்வரிசையின் இடைவெளி வழியாகப் பின்வரிசைக்குக் கடலும் தெரியும், காற்றும் போகும். கட்டிடத்தைப் பத்துப் பதினைந்து பாகை திருப்பித் தென்கிழக்குக் காற்றை இன்னும் நன்றாகப் பிடிக்கலாம். அதற்கு மேல் திருப்பினால் மேற்கு வெயில் நீளச் சுவருக்கு வந்துவிடும்.

காற்று உள்ளே வந்தால் மட்டும் போதாது, வெளியேறவும் வேண்டும். நடுவில் இருட்டு நடைபாதை, இருபுறமும் அறைகள் என்ற நகரத்து ஓட்டல் அமைப்பில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு பக்கம்தான் ஜன்னல். அப்படிப்பட்ட அறையில் கூரை உயரத்தைப் போல இரண்டரை மடங்கு ஆழம் வரைதான் காற்று எட்டும். எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு இருந்தால் ஐந்து மடங்கு வரை எட்டும். ரிசார்ட்டில் நடைபாதையை ஒரு பக்கம் திறந்த தாழ்வாரமாக வைத்தால் இந்தச் சிக்கல் தீரும். கொசுவலை காற்றின் வேகத்தை நன்றாகக் குறைக்கும் என்பதால் ஜன்னலின் அளவை அதற்கேற்பக் கூட்டிப் போடுங்கள்.

ஏசி வேண்டாம் என்று சொல்லவில்லை. சென்னையின் ஈரப்பதத்தில் மே இரவுக்கு அது தேவை. ஆனால் பால்கனிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஏசி ஓட்டினால் குளிர்ந்த சுவரில் கடல் ஈரம் வேர்த்து, இரண்டே மாதத்தில் கட்டிலுக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகள் தோன்றும். கதவு திறந்தால் ஏசி நிற்கும் சுவிட்ச் ஒன்று சிறிய செலவுதான். அலமாரிக் கதவுகளுக்கு முழுப் பலகை போடாமல் சாய்சட்டம் வைத்தால் துணி நாற்றமடிக்காது.

தண்ணீர்: வரும்போது வெள்ளம், போனபின் உப்பு

சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மி.மீ. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். 2015 டிசம்பரும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாமும் அதற்குச் சாட்சி. கடலோர மணல் நிலம் பார்க்கச் சமமாகத் தெரிந்தாலும் கரைக்கு இணையாக மேடும் பள்ளமுமாக ஓடும். கடல் பக்க மேட்டுக்கும் மேற்கே பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் தாழ்ந்த இடங்களில்தான் நீர் தங்கும். அரை மீட்டர் இடைவெளியில் உயரக் கோடுகள் போட்ட சர்வே இல்லாமல் கட்டிடத்தின் இடத்தை முடிவு செய்யாதீர்கள். முடிந்தால் ஒரு கார்த்திகை மழையில் மனைக்குள் நடந்து, நீர் நிற்கும் இடத்தில் குச்சி நட்டு வாருங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, லாரி லாரியாகக் கிராவல் கொட்டி மனை முழுவதையும் உயர்த்துவது. உங்கள் மனை தப்பிக்கும், பக்கத்துக் குப்பம் மூழ்கும். மணலில் இறங்க வேண்டிய நீரைக் களிமண் கலந்த கிராவல் தடுத்தும் விடும். பள்ளத்தைப் பள்ளமாகவே விட்டு அல்லிக் குளமாக்குங்கள். கட்டிடங்களின் அடித்தளத்தை (பேஸ்மென்ட்) மட்டும் தரைக்கு மேல் 90 முதல் 120 செ.மீ. வரை உயர்த்துங்கள், அல்லது தூண்களின் மேல் நிறுத்தி அடியில் நீர் ஓட விடுங்கள். நடைபாதைகளுக்குச் சிமென்ட் தளம் வேண்டாம். இடைவெளி விட்டுப் பாவிய கருங்கல் போதும்.

கூரை நீர்க் குழாயில் கஞ்சத்தனம் கூடாது. 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு மணி நேரம் 100 மி.மீ. வீதம் கொட்டினால் 10,000 லிட்டர் இறங்கும். அதற்கு நாலு இஞ்சுக் குழாய் ஒன்று போதாது. ஒன்று போட்டுவிட்டுக் கூரை ஒழுகுகிறது என்று மேஸ்திரியைத் திட்டுவது நியாயமில்லை.

இனி எதிர்ப்பக்கம். 20 அறைகளில் 40 பேர், தேசியக் கட்டிட விதித்தொகுப்பு சொல்லும் 180 லிட்டர் வீதம் நாளுக்கு 7,200 லிட்டர். ஊழியர் 25 பேருக்கு இன்னும் ஆயிரத்துச் சொச்சம். இதோடு 1,000 சதுர மீட்டர் புல்தரை போட்டால் கோடையில் அது மட்டும் நாளுக்குச் சுமார் 5,000 லிட்டர் குடிக்கும். எங்கிருந்து எடுப்பது?

கடலோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஒரு மீட்டர் நின்றால், அதன் எடையைத் தாங்கி அடியில் ஏறத்தாழ 40 மீட்டர் நல்ல நீர் இருக்கும். இது நீரியலில் பழைய கணக்கு. இதன் மறுபக்கம்தான் ஆபத்து: போர் போட்டு உறிஞ்சி மேல் மட்டத்தை 10 செ.மீ. இறக்கினால், அடியில் உப்பு நீர் 4 மீட்டர் வரை மேலே ஏற இடம் கிடைக்கும். ஒரு முறை உப்பேறிய நிலத்தை மீட்கப் பல மழைக்காலம் ஆகும், அது உங்கள் கிணற்றோடு நிற்காது, குப்பத்தின் குடிநீர்க் கிணற்றையும் சேர்த்துக் கெடுக்கும். உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் ரிசார்ட்டுகள் நிலத்தடி நீர் எடுக்கக் கூடாது என்று விதி சொல்வது இதனால்தான்.

கூரைப் பரப்பு 1,500 சதுர மீட்டர் என்றால் ஆண்டுக்குப் பதினாறு லட்சம் லிட்டருக்கு மேல் மழைநீர் பிடிக்கலாம். அவ்வளவையும் தொட்டியில் வைக்க முடியாது. ஒரு பகுதியைத் தொட்டியில் சேர்த்து, மீதியை ஆழமில்லாத உறைகிணறுகள் வழியாக மணலுக்குள் இறக்கினால் அந்த மிதக்கும் நல்ல நீர் கனக்கும். பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்தால் நாளுக்கு ஐந்தாயிரம் லிட்டருக்கு மேல் தோட்டத்துக்குக் கிடைக்கும். ஆனாலும் புல்தரையை விட்டுவிடச் சொல்லித்தான் எங்கள் பரிந்துரை. இந்த மணலின் சொந்தச் செடிகள் தண்ணீர் கேட்பதில்லை. சங்கப் பாடல்கள் அடும்பு என்று சொல்லும் அடம்பங்கொடி, இராவணன் மீசைப் புல், தாழை ஆகியவை கடல் பக்கம். கொஞ்சம் உள்ளே புன்னை, பூவரசு, பனை. இவை நெய்தல் நிலத்துக்காரர்கள். மணலைப் பிடித்து வைப்பதும், உப்புக் காற்றை வடிகட்டுவதும், நிழல் தருவதும் இவற்றின் வேலை.

உப்பு செய்யும் வேலை

மகாபலிபுரம் கடற்கரைக் கோயிலின் வெளிச்சிற்பங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். முகங்கள் மழுங்கியிருக்கும். கருங்கல்லையே அப்படிச் செய்த காற்றுக்கு இரும்புக் கம்பி எம்மாத்திரம்?

காங்கிரீட்டுக்குள் உப்பு நுழைந்து கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால் கம்பியின் நீளத்துக்கே விரிசல் விழும். இந்தியத் தர நிர்ணயம் 456, கடலோரச் சூழலுக்குக் குறைந்தது எம் 30 தரக் காங்கிரீட்டும் கம்பிக்கு மேல் 45 மி.மீ. மூடாக்கும் கேட்கிறது. கடல் நீர்த் துளி நேராகத் தெறிக்கும் இடத்தில் எம் 35, 50 மி.மீ. காகிதத்தில் எல்லாரும் இதை எழுதுகிறார்கள். தளத்தில் கம்பிக்கு அடியில், அதைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் சிறு சிமென்ட் கட்டையான கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டைச் செருகி வைப்பார்கள். காங்கிரீட் கொட்டும்போது ஆள் மிதித்ததும் அது நழுவும், கம்பி சென்ட்ரிங் பலகையில் படுத்துக்கொள்ளும். ஐந்தாறு ஆண்டில் கூரையிலிருந்து காரை பெயர்வது அந்த இடத்தில்தான். காங்கிரீட் போடும் நாள் காலையில் டார்ச் அடித்து ஒவ்வொரு உத்தரத்தின் அடியையும் பாருங்கள். கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மனைக்குள் தோண்டிய கிணற்று நீரைச் சோதிக்காமல் பயன்படுத்தாதீர்கள்.

கீல், தாழ்ப்பாள், கைப்பிடிக் கம்பிகளுக்கு 304 தர எவர்சில்வர் இங்கே பழுப்புப் புள்ளி விடும், 316 வாங்குங்கள். பூசாத செங்கல் சுவர் அழகுதான், ஆனால் நன்றாக வேகாத கல் கடல் பக்கம் உப்புப் பூத்து மாவாக உதிரும். கடலைப் பார்க்கும் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு, உள் பக்கச் சுவர்களில் வெறும் செங்கல் என்று பிரித்துக்கொள்ளலாம். ஏசியின் வெளிப்பெட்டிகளைக் கடலுக்கு முதுகு காட்டி, சுவர் மறைவில் வையுங்கள்.

புயல் வந்தால்

காற்றுச் சுமைக்கான தர நிர்ணயத்தில் சென்னையின் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா நகரின் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. புயல் கூரையைத் தள்ளுவதில்லை, தூக்குகிறது. தாழ்வாரத்துக்கு அடியில் புகுந்த காற்று மேலே உந்தும். அதே நேரம் கூரைக்கு மேலே ஓடும் காற்று உறிஞ்சும். ஆழமான தாழ்வாரம் வேண்டும் என்று மேலே சொன்னதற்கும் இதற்கும் முரண் வருகிறது அல்லவா? தீர்வு இருக்கிறது. தாழ்வாரக் கூரையை அறையின் கூரையோடு ஒரே சட்டமாக நீட்டாமல், ஒரு படி தாழ்வாகத் தனிக் கூரையாகப் போடுங்கள். போனால் தாழ்வாரம் மட்டும் போகும், அறை நிற்கும். பிரதானக் கூரை நான்கு பக்கமும் சரிந்ததாக இருக்கட்டும்; முக்கோணச் சுவர் நிற்கும் இருபக்கக் கூரையைவிட அது காற்றுக்கு நன்றாக ஈடுகொடுக்கும். உத்தரங்களைச் சுவரின் உச்சிக் காங்கிரீட் பட்டையோடு போல்ட்டில் பிணைத்து, விளிம்பிலும் முகட்டிலும் உள்ள ஓடுகளைக் கம்பியால் கட்ட வேண்டும். நடு ஓடுகளைவிட இந்த விளிம்பு வரிசைகள்தான் முதலில் பறக்கும்.

கீற்றும் பனையோலையும் இந்த மண்ணின் கூரைகள்தாம், குளிர்ச்சியும் உண்டு. ஆனால் கீற்றை ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், தீ பயமும் இருக்கிறது. திறந்த உணவுக்கூடத்துக்கு வைக்கலாம், ஆட்கள் தூங்கும் அறைக்கு வேண்டாம்.

கரை காலி இடம் அல்ல

வரைபடத்தில் வெள்ளையாகத் தெரியும் மணல் பரப்பில் விடியலில் படகு ஏறும், வலை காயும், மீன் ஏலம் நடக்கும். மாசி மகத்தன்று சாமிகள் கடலாட வரும். மகாபலிபுரத்தில் அன்றைக்கு இருளர்கள் திரளாகக் கூடுவார்கள். இரண்டு ரிசார்ட்டுகளுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் அகலத்துக்குக் கடலுக்குப் போகும் வழி விட வேண்டும் என்பது விதி. அதை முள்கம்பிக்கு நடுவே ஒரு சந்தாக விடாமல், பூவரசு நிழலோடு ஒரு நல்ல பாதையாக விட்டால் ஊரோடு உறவு நிலைக்கும். கடலரிப்புக்குப் பயந்து உங்கள் மனைக்கு முன்னால் மட்டும் கல் கொட்டுவதும் அண்டை வீட்டுப் பிரச்சினையாகத்தான் முடியும். இந்தக் கரையில் மணலின் மொத்த நகர்வு வடக்கு நோக்கியது. நீங்கள் தடுத்து வைக்கும் மணல் வடக்கே இருக்கும் குப்பத்துக்குப் போக வேண்டியது.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிட வருகின்றன. 1988 முதல் மாணவர்களின் ஆமைப் பாதுகாப்புக் குழு ஒன்று இரவுகளில் இங்கே நடந்து முட்டைகளைக் காத்து வருகிறது. ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் வெளிவரும் குஞ்சுகள், வெளிச்சமான அடிவானம்தான் கடல் என்று நம்பி ஓடும். உங்கள் தோட்டத்து வெள்ளை விளக்கு அவற்றைச் சாலைக்கு இழுத்துவிடும். கடல் பக்கம் விளக்கு முழங்கால் உயரத்தில், மேற்புறமும் பக்கங்களும் மூடியதாக, ஆம்பர் நிறத்தில் இருக்கட்டும். தென்னை மரத்தில் மேல்நோக்கி அடிக்கும் ஃபோகஸ் லைட் வேண்டவே வேண்டாம். தாழ்வார விளக்கும் கூரைச் சரிவுக்குள் மறைந்திருந்தால் விருந்தினருக்கும் கடல் தெரியும். பளிச்சென்ற விளக்கடியில் உட்கார்ந்தால் இருட்டில் கடல் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

சமையலறை, சலவை, ஜெனரேட்டர், சுத்திகரிப்பு நிலையம் ஆகியவை சாலைப் பக்கம், மனையின் வடமேற்கு மூலைக்குப் போகட்டும். விருந்தினர் வெளியே உட்காரும் மாலை நேரத்தில் தென்கிழக்குக் கடற்காற்று புகையையும் வாடையையும் அந்தப் பக்கமே தள்ளிவிடும். மீன், காய், கேஸ் வண்டிகளுக்குத் தனி வாசல் வையுங்கள்.

ஓடு வாங்கும்போது கணக்குக்கு மேல் பத்து சதவீதம் சேர்த்து வாங்கி, சலவை அறைக்குப் பின்னால் அடுக்கி வைத்துவிடுங்கள். புயலுக்கு மறுநாள் ஊரில் எல்லோரும் ஓடு தேடுவார்கள். அதே சூளையின் அதே அச்சு அன்றைக்குக் கிடைக்காது, வேறு அச்சு ஓடு பள்ளத்தில் பொருந்தாமல் அந்த ஒரு வரிசையில் ஒழுகிக்கொண்டே இருக்கும்.